ஹிஸாலூ கனியும் மலைச்சரிவு



கோடை பிறந்துவிட்டால் நம் ஊர்க் கடைத்தெருக்களில் நுங்கும், வெள்ளரியும், மாம்பழமும் வந்து குவிந்துவிடுகின்றன. விலை பேசி வாங்குகிறோம். பிள்ளைகளுக்குக் கொடுத்து நாமும் உண்கிறோம். ஆனால், வேலி இல்லாத காட்டில், நட்டவர் பெயரும் நீர் வார்த்தவர் பெயரும் தெரியாத செடியிலிருந்து, கனிந்த பழத்தை நம் கையாலேயே பறித்து, ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி வாயில் இட்டுக்கொள்ளும் பாக்கியம் நம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? எனக்கு அது நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் கிடைத்தது. பழத்தோடு சேர்ந்து ஒரு பாடமும் கிடைத்தது. இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதக் கடைசியில், உத்தரப் பிரதேச மாநிலத்தின் ராம்பூருக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள ரஸா நூலகத்தைக் காண வேண்டும் என்பது கல்லூரியில் படித்த நாளிலிருந்தே என் உள்ளத்தில் இருந்த ஆசை. 1774ஆம் ஆண்டில் நவாப் பைஸுல்லாஹ் கான் அவர்களின் சேகரிப்பிலிருந்து தொடங்கிய நூலகம் அது. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் கையெழுத்து எனச் சொல்லப்படும், தோலில் எழுதப்பட்ட திருக்குர்ஆன் பிரதி ஒன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. அந்த நூலகத்தைப் பற்றி இன்னொரு முறை, இன்ஷா அல்லாஹ், விரிவாக எழுதுகிறேன்.

நூலகத்தில் அறிமுகமான மௌலவி ஒருவர் என்னைத் தம் ஊரான ஹல்த்வானிக்கு அழைத்தார். அவருடைய தம்பி பழ வியாபாரி. ஆண்டுதோறும் கோடையில் மலைமேல் உள்ள ராம்கட் என்ற ஊரில் பழத் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து, பருவம் முடியும்வரை அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கிவிடுவார். “ராம்பூர் வெயிலில் ஏன் வேக வேண்டும்? நான்கு நாட்கள் மலையில் இருந்துவிட்டுப் போகலாம்” என்றார் நண்பர். மறுக்க மனம் வரவில்லை.

மலைக்குப் போகும் வழி

ராம்பூரிலிருந்து ரயில் வடக்கே சென்று, காத்கோதாம் என்ற நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் தண்டவாளம் இல்லை, மலைதான். 1884ஆம் ஆண்டில் இவ்வூருக்கு ரயில் வந்தது. ‘காத்’ என்றால் மரம். ‘கோதாம்’ என்றால் கிடங்கு. மலைக்காட்டு மரங்களைக் கொண்டுவந்து சேர்த்து வைத்த இடம் என்பதால் இந்தப் பெயர். கிடங்கு என்னும் நம் சொல்லே கடல் கடந்து போய் ‘கோடவுன்’ ஆகித் திரும்பி வந்தது என்று அறிஞர் சிலர் கூறுவதுண்டு. இமயத்தின் அடிவாரத்தில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டு, பழைய உறவினரைச் சந்தித்தது போல மகிழ்ந்தேன்.

அங்கிருந்து ஜீப் வண்டியில் பீம்தால், போவாலி ஆகிய ஊர்களைக் கடந்து ஏறினோம். ஏற ஏறப் பைன் மரங்கள் நெருங்கின. பாதையின் உச்சியாகிய காகர் என்னும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். முந்தைய நாள் மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல் இருந்ததால், வடக்கே திரிசூல், நந்தாதேவி ஆகிய பனிச் சிகரங்கள் தெரிந்தன. ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்பதைத் தவிர வேறு சொல் நாவில் எழவில்லை. அதற்கப்பால் இறங்கினால் ராம்கட். ஆப்பிள், பீச், பிளம், குபானி எனப்படும் சர்க்கரை பாதாமி ஆகிய மரங்கள் படிப்படியான வயல்களில் வரிசையாக நிற்கும் ஊர் அது.

குத்தகைக்காரரான தம்பி தங்கியிருந்த வீடு, அவ்வூர் இந்துக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது. மேல்தளத்தில் இவர்கள்; கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர்கள். பல ஆண்டுகளாக இப்படித்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கீழ்த்தளத்து மூதாட்டி, வந்திருப்பவர் மௌலவி என்று தெரிந்ததும், தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, பளபளவெனத் தேய்த்த செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவருடைய பேரன் பதினொரு வயதுச் சிறுவன். பள்ளிக்கூடம் விடுமுறை. பாட்டியை அவன் “ஆமா, ஆமா” என்று அழைத்துக்கொண்டிருந்தான். ‘இந்தப் பிள்ளை எதற்கெடுத்தாலும் ஒப்புக்கொள்கிறானே!’ என்று முதலில் வியந்தேன். குமாவூன் மொழியில் ‘ஆமா’ என்றால் பாட்டி என்று நண்பர் சொன்ன பிறகுதான் விளங்கிற்று.

முள்ளுக்குள் ஒரு தேன்துளி

அந்தச் சிறுவன்தான் எனக்கு ஹிஸாலூவை அறிமுகப்படுத்தினான். மறுநாள் காலை, அகன்ற இலையொன்றைத் தொன்னையாக மடித்து, அதில் மஞ்சள் மணிகள் போன்ற சிறு பழங்களை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினான். வழிப்போக்கர்களிடம் தொன்னை இருபது ரூபாய்க்கு விற்பானாம். அந்தக் காசு புதிய வகுப்புக்கு நோட்டு வாங்குவதற்கு. என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டான்.

ஐரோப்பாவில் ராஸ்பெரி என்று பெயர்பெற்ற பழத்தின் இனத்தைச் சேர்ந்தது ஹிஸாலூ. அங்கே சிவப்பு, இங்கே பொன் மஞ்சள். நம் சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். ஆனால் உற்றுப் பாருங்கள்: அது ஒரு பழமன்று. பல சிறு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குல்லாவைப் போல அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை. ஒரு துளிச் சாறு. செடியோ ஆளுயரத்துக்கும் மேலே புதராக வளர்கிறது. காம்பு முழுவதும் செந்நிற ரோமமும் வளைந்த முள்ளும். இலை மூன்று மூன்றாக விரிந்து, மேலே பச்சையாகவும் அடியில் வெண்மையாகவும் இருக்கிறது. குளிர்காலம் முடிகையில் வெள்ளைப் பூ பூத்து, மே, ஜூன் மாதங்களில் பழுக்கிறது. இதை யாரும் பயிரிடுவதில்லை. பறவைகள் தின்று விதைகளைப் பரப்புகின்றன. பாதையோரம், வயல் வரப்பு, காட்டின் விளிம்பு என்று வெயில் படும் இடமெல்லாம் முளைத்துவிடுகிறது. இதே செடியை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது காட்டையே மூடி அழிக்கும் களையாகிவிட்டது. இறைவன் வைத்த இடத்தில் இருக்கும்வரை அருட்கொடையாக இருப்பது, மனிதன் இடம் மாற்றியதும் தொல்லையாகிவிடுகிறது.

“எங்கே பறிக்கிறாய்? என்னையும் அழைத்துப் போவாயா?” என்று உர்தூவில் கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது.

மௌலவிக்கு ஒரு ஐயம் வருவது இயல்புதானே! அடுத்தவர் காட்டில் பறிக்கலாமா? நண்பரிடம் விசாரித்தேன். அந்தக் காடு ‘வன் பஞ்சாயத்து’ என்னும் ஊர்ப்பொதுக் காடு என்றார். ஆங்கிலேயர் மலைக்காடுகளை அரசுடைமையாக்கி, விறகுக்கும் புல்லுக்கும் தடை விதித்தபோது, குமாவூன் மக்கள் கொதித்தெழுந்தனர். 1921ஆம் ஆண்டில் காடுகள் தீப்பற்றி எரிந்தன. அதன் பின்னர், 1931ஆம் ஆண்டில், கிராமத்தார் தாமே பஞ்சாயத்து அமைத்துக் காட்டைப் பேணலாம் என்று விதி செய்தார்கள். இன்றைக்கு உத்தராகண்ட் மாநிலத்தில் அத்தகைய பஞ்சாயத்துகள் பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளன. ஹிஸாலூவை யார் வேண்டுமானாலும் உண்ணலாம். கிளையை மட்டும் ஒடிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

தண்ணீரிலும், மேய்ச்சல் புல்லிலும், நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பது நினைவுக்கு வந்தது. தோட்டத்தைக் கடந்து செல்பவர் உண்ணலாம். ஆனால் துணியில் முடிந்து எடுத்துச் செல்லக் கூடாது என்ற கருத்தில் வரும் ஹதீஸும் நினைவுக்கு வந்தது. அதன் பிற்பகுதியை நான் அன்று சற்று இலேசாக எடுத்துக்கொண்டேன். அதன் விளைவைப் பின்னர் சொல்கிறேன்.

கனிந்தது கையோடு வரும்

சிறுவன் ஒரு தட்டையான மூங்கில் கூடையை எடுத்தான். நானோ, ஹல்த்வானியில் நண்பர் வீட்டாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்ற ஆசையில், உயரமான தூக்குவாளி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாட்டி எதையோ சொன்னார். அவருடைய மொழி எனக்குப் புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

காட்டுப் பாதையில் அவன் முன்னே நடந்தான். பழம் பறிக்கும் முறையையும் அவனே கற்றுக்கொடுத்தான். பிடித்து இழுக்கக் கூடாது. பழத்தைச் சுற்றி மூன்று விரல்களை வைத்து மெல்ல அசைக்க வேண்டும். கனிந்த பழமென்றால் உடனே கழன்று வந்துவிடும். நடுவில் உள்ள வெண்மையான தண்டு செடியிலேயே நின்றுவிடும். கையில் வந்த பழம் உள்ளே கிண்ணம்போல் வெற்றிடமாக இருக்கும். கழன்று வரவில்லையா? அது இன்னும் உனக்குரியதன்று, விட்டுவிடு. நாளைக்கு வேறு ஒருவருக்கோ ஒரு பறவைக்கோ அது ஆகும். இவ்வளவையும் பதினொரு வயதுப் பிள்ளை எனக்கு விளக்கினான்.

அப்பொழுது என் உள்ளம் மர்ருழ் ழஹ்ரானுக்குச் சென்றது. மக்காவுக்கு அருகிலுள்ள அவ்விடத்தில், நாயகத் தோழர்கள் அராக் மரத்தின் பழங்களைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்வாக் குச்சி தருகிறதே, அந்த மரம்தான். நம் நாட்டில் உகா மரம் என்பார்கள். கறுத்துக் கனிந்தவற்றையே பார்த்துப் பறிக்குமாறு, அவையே நல்லவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்னார்கள். ‘தாங்கள் ஆடு மேய்த்திருக்கிறீர்களா?’ என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். ஆடு மேய்க்காத நபி யாரேனும் உண்டா என்று அண்ணலார் மறுமொழி பகர்ந்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. காட்டுப் பழத்தின் பக்குவம் மேய்ப்பனுக்குத்தான் தெரியும். எனக்கு முன்னால் நடந்த சிறுவனும் ஆடு மேய்ப்பவன்தான்.

நண்பகலுக்குள் என் தூக்குவாளி விளிம்புவரை நிரம்பிவிட்டது. பறித்துக்கொண்டே இருவரும் தின்றதில் உதடும் விரலும் மஞ்சளாகியிருந்தன. கைகளில் முள் கீறிய கோடுகள்.

லுஹர் தொழுகையின் நேரம் வந்தது. சற்றுக் கீழே ‘நௌலா’ ஒன்று இருந்தது. ஊற்றைச் சுற்றிக் கல் படிகள் கட்டி, மேலே கல் கூரை வேய்ந்த சிறு நீர்நிலை. ஊரார் குடிக்கும் தண்ணீர் என்பதால், அதற்குள் கை கால் நனைக்கக் கூடாது என்று சிறுவன் முன்கூட்டியே சொன்னான். அவன் செம்பில் மொண்டு ஊற்ற, வெளியே அமர்ந்து உளூச் செய்தேன். தூக்குவாளியைப் பாறைமீது வைத்து, “பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு, தொழுதேன். தொழுத பின் குளிர்ந்த காற்றில் சிறிது நேரம் கண்ணயர்ந்தும் விட்டேன்.

குறைந்துபோன அளவு

எழுந்து வந்து பார்த்தபோது, தூக்குவாளியில் கால் பங்கு குறைந்திருந்தது.

சிறுவன் பாறையருகே அமர்ந்திருந்தான். அவன் உதடுகள் மஞ்சளாக இருந்தன. “நீ தின்றாயா?” என்று கேட்டேன். “இல்லை, மௌல்வி சாஹிப்” என்றான். “தின்றிருந்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்” என்றேன். அந்தச் சொல்லைக் கனிவாகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். ஆனால், அவன் பொய் சொல்கிறான் என்பதை அது முடிவு செய்துவிட்டதல்லவா? அவன் ஒன்றும் பேசவில்லை. தன் கூடையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தான். போகும்போது இருந்த பேச்சு, திரும்பும்போது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி தூக்குவாளியை வாங்கி, அகன்ற தாம்பாளத்தில் கவிழ்த்தார். மேலே இருந்த பழங்கள் மட்டுமே முழுமையாக இருந்தன. அடியில் இருந்தவையெல்லாம் மேலுள்ளவற்றின் பாரத்தாலும் வெயிலின் சூட்டாலும் நசுங்கிக் கூழாகி, இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சாறு நின்றது. ஹிஸாலூவைத் தட்டையான கூடையில் ஒரே அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். ஆழமான பாத்திரத்தில் இட்டால் ஒரு நாழிகையில் தானே அமுங்கிவிடும். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே உண்டுவிட வேண்டும். காலையில் பாட்டி சொன்னது அதைத்தான் என்று நண்பர் மொழிபெயர்த்தார். பழம் ஒன்றுகூடக் குறையவில்லை. என் பேராசைதான் அதை நசுக்கியிருந்தது.

சிறுவன் பாட்டியிடம் ஏதேனும் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. மாலையில் வெளியே ஒரு குயிலினப் பறவை நான்கு சுரங்களில் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டிருந்தது. அப்போது பாட்டி ஒரு கதை சொன்னார். குமாவூன் வீடுகளில் எல்லாரும் அறிந்த கதை அது.

காபல் என்பது அந்த மலைகளில் அதே பருவத்தில் பழுக்கும் இன்னொரு காட்டுப் பழம். ஏழைத் தாய் ஒருத்தி ஒரு கூடை காபல் பறித்து வந்து, விற்பதற்காக வைத்துவிட்டு, “இதைத் தொடாதே” என்று மகளிடம் சொல்லி வேலைக்குப் போனாள். பசியோடிருந்த சிறுமி ஒரு பழத்தையும் தொடவில்லை. நண்பகல் வெயிலில் பழங்கள் வாடிச் சுருங்கின. திரும்பி வந்த தாய், கூடை குறைந்திருப்பதைக் கண்டாள், மகள் மறுத்ததை நம்பவில்லை, ஆத்திரத்தில் அடித்தாள். பலவீனமாயிருந்த குழந்தை உயிரை விட்டது. மாலையில் மழை பெய்தது. ஈரம் பட்ட பழங்கள் உப்பிக் கூடை மீண்டும் நிறைந்தது. அதைக் கண்ட தாய் நெஞ்சு வெடித்து மாண்டாள். அன்று முதல் தாயும் மகளும் பறவைகளாகித் திரிகின்றனர். பழம் பழுத்துவிட்டது, தான் ருசி பார்க்கவில்லை என்று மகள் இன்றும் கூவிக்கொண்டிருக்கிறாள் என்று முடிகிறது கதை.

இறந்தவர் பறவையாவர் என்ற நம்பிக்கை நமக்கு இல்லை. ஆனால், அந்தக் கதையில் வரும் தாயை நான் நன்கு அறிவேன். ஏனெனில், நானும் ஒரு பிள்ளையை அவ்வாறு அடித்திருக்கிறேன்.

எனக்குரிய பாடம்

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பணியில் நான் புதியவன். பிள்ளைகளிடம் கிதாபு வாங்குவதற்காகச் சேர்த்த முந்நூறு ரூபாயைக் காணவில்லை. அன்று காலை அறையைக் கூட்டிப் பெருக்க வந்தவன் ஒரே ஒரு மாணவன், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகன், வயது பன்னிரண்டு. “நான் எடுக்கவில்லை, ஹஜ்ரத்” என்று அழுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் பிரம்பால் அடித்தேன். மறுநாள் அவன் வரவில்லை. மூன்று நாட்கள் கழித்து, வருகைப் பதிவேட்டின் அட்டை உறைக்குள் அந்த ரூபாய் இருந்தது. வைத்தவன் நானே. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. தேடிப் போயிருக்கலாம். வெட்கம் தடுத்தது. பிறகு காலம் மூடிவிட்டது.

சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொள்ளுமாறும், அவற்றில் சில பாவமாகும் என்றும் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம் எச்சரிப்பதை எத்தனை முறை பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருப்பேன்! தொழுகையில் குறை வைத்தால் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடலாம். அடியாருக்கு இழைத்த அநீதியை அந்த அடியார் அல்லவா மன்னிக்க வேண்டும்?

மறுநாள் விடியற்காலை சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதை அவன் கண்டதில்லை போலும். பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பின்னர் இருவரும் தட்டைக் கூடையோடு போனோம். பருவத்தின் முதல் கனி கொண்டுவரப்பட்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரக்கத்துக்காக துஆ செய்து, அங்கிருப்பவர்களில் மிகச் சிறிய பிள்ளையை அழைத்து அதைக் கொடுப்பார்கள். அன்று பறித்த முதல் பழத்தை அவன் கையில் வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, “இது நன்றாகப் பழுத்திருக்கிறது” என்று சிரித்தான்.

ஊர் திரும்பியதும் அந்தப் பழைய மாணவரைத் தேடினேன். இரண்டு மாதங்கள் ஆயின. இப்போது ஒரு சிற்றூரில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை தலை குனிந்திருந்தார். “அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் ஹஜ்ரத். நான் மன்னிச்சுட்டேன். அல்லாஹ்வும் மன்னிக்கட்டும்” என்றார். கடையோரம் அவருடைய ஆறு வயது மகன் விளையாடிக்கொண்டிருந்தான். “எந்த மதரஸாவில் ஓதுகிறாய் தம்பி?” என்று கேட்டேன். பிள்ளை தந்தையைப் பார்த்தான். “வீட்டிலேயே அவங்க உம்மா ஓதிக் கொடுக்கிறா, ஹஜ்ரத்” என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

மன்னித்துவிட்டார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நான் அடித்த அடி இன்னும் எங்கே நிற்கிறது என்பதை அந்த ஒரு சொல்லில் அறிந்துகொண்டேன்.

அன்புச் சகோதர, சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். வேலை செய்ய வரும் ஏழைப் பெண் இருப்பாள். கடையில் எடுபிடிப் பையன் இருப்பான். சர்க்கரை டப்பாவில் அளவு குறையும், சில்லறை குறையும். அப்போது வாயைத் திறப்பதற்கு முன், கையை ஓங்குவதற்கு முன், மாலை வரையிலாவது பொறுத்திருங்கள். பாத்திரத்தை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். குறைந்தது பழமா, நம் பொறுமையா என்பது தெரிந்துவிடும்.

அந்தச் சிறுபிள்ளை மதரஸாவின் வாசலை ஒருநாள் அச்சமின்றி மிதிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துஆ செய்து வருகிறேன். நீங்களும் எனக்காக துஆ செய்யுங்கள். தீய எண்ணங்களிலிருந்து வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களைக் காப்பானாக! ஆமீன்.